அடுப்பு கேஸைக் காரில் அடைக்காதீர்கள்

காண்டஸா காரை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொண்டுவந்தது. பிறகு இசுஸு எஞ்சின் வைத்து 'கிளாசிக்' என்று வந்தது. 2002-இல் நின்றுபோனது. ஊரெல்லாம் அம்பாசடரில் வியர்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஏ.சி. போட்ட காண்டஸா ஒன்று வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுக்கே தனி மரியாதை.

அப்படி ஒரு வண்டி என் நண்பர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அவருடைய அப்பச்சி வாங்கியது. வருகிற தையில் அவருக்குச் சாந்திக் கல்யாணம். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்; அந்த வண்டியில்தான் பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஏ.சி. மட்டும் வெறும் காற்று அடிக்கிறது.

"அண்ணே, பட்டறைப் பையன் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில முடிச்சுத் தர்றேங்கிறான். வீட்டு சிலிண்டர்லேர்ந்து புடிச்சு விட்டா ஜில்லுன்னு வருமாம். சரியா வருமா?" என்று போனில் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம், அந்தப் பையன் என் மாணவன். தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவில் நான் பாடம் எடுத்தபோது முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். நேரே போய்க் கேட்டேன். "எல்லாரும் அதானே சார் பண்றாங்க" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் ஆகும்.

முதலில் ஒன்று. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. கம்ப்ரஸர், கண்டென்ஸர், கூலிங் காயில் என்று அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். "கேஸ் தீர்ந்துபோச்சு, டாப்-அப் பண்ணிடலாம்" என்று வருஷா வருஷம் சித்திரையில் சொல்கிற மெக்கானிக், ஓட்டையை அடைக்கப் போவதில்லை. அதுதான் அவருக்கு வருமானம்.

சமையல் கேஸில் குளிர் வரும், அதை நான் மறுக்கவில்லை. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது அது. இரண்டும் நல்ல குளிர்பொருள்கள்தாம். "உங்க வீட்டு ஃபிரிட்ஜ்லயும் அந்த மாதிரி கேஸ்தானே சார்" என்று அவன் என்னையே மடக்கினான். உண்மை. இப்போது வருகிற ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஆனால் எவ்வளவு? சுமார் ஐம்பது அறுபது கிராம். அதுவும் பற்றவைத்து மூடிய குழாய்க்குள், சமையலறை மூலையில் அசையாமல் நிற்கிறது. அதற்கென்றே பொறி பறக்காத சாமான்கள் போட்டுச் செய்திருக்கிறார்கள்.

கார் அப்படியா? கம்ப்ரஸரின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு பெல்ட்டில் சுற்றுகிறது. அந்த சீல் என்றாவது கசியும். கண்டென்ஸர் வண்டிக்கு முன்னால் இருக்கிறது. எங்கே இடித்தாலும் முதலில் உடைவது அதுதான். பின்னால் சுடச்சுட எஞ்சின். கூலிங் காயிலோ நாம் உட்காரும் அறைக்குள்ளேயே, காலுக்குப் பக்கத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்களுக்கு ஆர்-12 ஒரு கிலோ அளவில் பிடிக்கும். அதற்குப் பதில் சமையல் கேஸ் என்றால் முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம். காருக்குள் இருக்கும் இடம் சுமார் மூவாயிரம் லிட்டர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இந்த கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். அறுபது லிட்டர் ஆவி. எடையில் நூற்று முப்பது கிராம் சொச்சம். ஆக, உள்ளே இருப்பதில் பாதிகூட வெளியே வரவேண்டாம். காற்றைவிடக் கனமானது என்பதால் பிள்ளைகள் காலடியில்தான் தேங்கும். புளோயர் மோட்டாரில் ஒரு பொறி போதும். நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்கள். கண்ணாடி ஏற்றிய காரில், மோதி நின்ற அந்த நொடியில் யார் முகர்ந்து பார்ப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய ஃபிரிட்ஜ்களில் அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு என்று விஷமும் நெருப்புமாக இருந்ததால்தான், 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் எரியாத, மூச்சை முட்டாத ஆர்-12-ஐக் கொண்டுவந்தார்கள். (பெட்ரோலில் ஈயத்தைக் கலந்த புண்ணியவானும் இதே மிட்ஜ்லிதான். நல்லது செய்யப்போய் இரண்டு முறை உலகத்தைக் கெடுத்தவர்.) எதற்குப் பயந்து அதைக் கண்டுபிடித்தார்களோ அதையே நாம் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறோம்.

அப்படியானால் ஒரிஜினல் ஆர்-12-ஐயே தேடிப் பிடிக்கலாமே என்பார்கள், எதுவும் பழையபடியே இருக்க வேண்டும் என்கிற பிரியர்கள். அதுவும் வேண்டாம். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987-இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். நாம் 1992-இல் சேர்ந்தோம். நம் மேட்டூரிலும் ஓர் ஆலை இந்த வகை கேஸைச் செய்துகொண்டிருந்தது. 2008 ஆகஸ்ட் முதல் தேதியோடு நாட்டில் இதன் உற்பத்தி முடிந்தது. இன்று யாராவது துருப்பிடித்த டின்னைக் காட்டி 'ஆர்-12' என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வெளியே போனால் நூறு வருஷம் வானத்தில் நிற்கும். ஒரு கிலோ கசிந்தால் பூமி சூடாவதில் பத்து டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம்.

ஆகவே ஆர்-134ஏ. அதுவும் பூமிக்குப் பரம சாது அல்ல. ஆனால் தீப்பிடிக்காது, ஓசோனைத் தொடாது, எல்லா ஊரிலும் கிடைக்கும். 'குளிர் பத்தாது' என்று அதற்குக் கெட்ட பெயர். ஏன் பத்தாது? பழைய கேஸை விட்டுவிட்டு இதை அப்படியே அடித்தால் பத்தாதுதான். பழைய மினரல் ஆயில் இதோடு கலக்காது. எண்ணெய் கூலிங் காயிலில் தங்கி, கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். எஸ்டர் ஆயில் போட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸின் வழியே இது மெல்லக் கசியும். உள்ளே தடுப்பு உறை வைத்த ஹோஸ் வேண்டும். ஓ-ரிங், டிரையர் புதிது. முக்கால் மணி நேரமாவது வாக்கும் இழுக்க வேண்டும். ஈரம் தங்கினால் உள்ளே அமிலமாகும். இதன் அழுத்தம் வெயிலில் சற்று அதிகம் ஏறும் என்பதால் பெரிய கண்டென்ஸரும் தனி மின்விசிறியும் வைத்துவிட்டால் நம் ஊர் அக்கினி நட்சத்திரத்துக்கும் தாங்கும். பழைய அளவில் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்துதான் அடிக்க வேண்டும். அதிகம் அடித்தால் குளிர் கூடாது, குறையும்.

வீட்டு ஏ.சி.க்குப் போடுகிற ஆர்-22-ஐ அடிப்பவர்களும் உண்டு. அதன் அழுத்தம் ஒன்றரை மடங்கு. ஹோஸ் வெடிக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

ஆர்-134ஏ-வையும் சீல் பிரிக்காத டின்னாகப் பார்த்து வாங்குங்கள். 2011-இல் வெளிநாட்டுத் துறைமுகங்களில் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் அடித்திருந்த போலி கேஸில் கலந்திருந்தது மெத்தில் குளோரைடு. அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டதும் தானே பற்றும் பொருளாக மாறும். மிட்ஜ்லி காலத்தில் விரட்டிய அதே சாமான், போலி டின்னில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

நண்பரிடம் சொன்னேன்: "பதினெட்டாயிரம் ஆகும். முடியாதுன்னா கண்ணாடியை இறக்கிவிட்டுட்டுப் போங்க. பிள்ளையார்பட்டி ஒண்ணும் தூரம் இல்ல." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சரி என்றார்.

வேலையை என் மாணவனே செய்தான், நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க. இரண்டு நாள் ஆனது. பானட்டுக்கு அடியில் எந்த கேஸ், எந்த ஆயில், எத்தனை கிராம், என்ன தேதி என்று எழுதி ஒட்டச் சொன்னேன்; நாளைக்கு வேறொருவன் கை வைக்கும்போது தெரிய வேண்டுமே. அழகாக எழுதி ஒட்டினான். கையெழுத்து அந்தக் காலம் போலவே இருக்கிறது.

அவன் பட்டறை மூலையில், கேஸ் அடிக்கிற ஹோஸ் மாட்டிய சிவப்பு சிலிண்டர் மட்டும் இன்னும் நிற்கிறது. எதற்கடா என்று கேட்டேன்.

"டீ போடத்தான் சார்."

அடுப்பைக் காணோம்.