கேட்டால்தானே தெரியும்!

அன்புக் குழந்தைகளே,

துருக்கி நாட்டில், ரமலான் நோன்பு முடிந்ததும் வரும் பெருநாளுக்குச் 'சர்க்கரைத் திருநாள்' என்றும் ஒரு பெயர் உண்டு. மூன்று நாள் கொண்டாட்டம்! சிறுவர்கள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு, அதைத் தம் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். மிட்டாயும் காசும் கிடைக்கும். பொங்கலன்று நாம் தாத்தா, பாட்டி காலில் விழுந்து காசு வாங்குகிறோமே, அதுபோலத்தான்.

நம் சென்னையில் நடப்பதையும் கேளுங்கள். திருவல்லிக்கேணியில் 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ரமலான் மாத மாலைகளில், அங்கு நோன்பு திறப்போருக்கு உணவு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையிலுள்ள சூஃபிதார் கோயிலிலிருந்து! அதை நிறுவிய தாதா ரத்தன்சந்த், 1947-ல் நாடு பிரிந்தபின் சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அவர் தொடங்கிய பணி, ஏறத்தாழ 40 ஆண்டுகளாகத் தொடர்கிறது. இந்துக்களான தொண்டர்கள் சைவ உணவு சமைத்து, வேனில் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்து, தாங்களே பரிமாறுகிறார்கள். பசித்திருப்பவர் யாரென்று அறிந்து செய்யும் உதவி அது.

நான் அப்படி அறியத் தவறியவன். பள்ளியில் வேலை பார்த்தபோது, நோன்பிருந்த மாணவனை வெயிலில் ஓடச் சொல்லிவிட்டேன். அவன் மறுபேச்சின்றி ஓடினான், மயங்கி உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

உங்கள் பக்கத்து பெஞ்ச் நண்பனின் பண்டிகை எது, அன்று என்ன செய்வான் என்று கேட்டிருக்கிறீர்களா? நாளைக்கே கேளுங்கள். செய்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்