அந்த மூணு பல்பு

மனநல ஆலோசகர்கள் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. "பிரச்சினை இவருக்குத்தான், இவரை மட்டும் அனுப்புங்க"ன்னு எங்க சித்தப்பாவைக் காட்டி ஒருத்தர் சொன்னார். கூடப் போன நாலு பேரும் நிம்மதியா வெளியே வந்து காபி குடிச்சோம். அந்த நிம்மதியே வியாதின்னு எனக்குப் புரியவைத்தது டாக்டர் இல்லை, யூஜின் ஓ'நீல்.

'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தை அவர் எழுதி முடித்தது 1941ல். சொந்தக் குடும்பக் கதை. தான் செத்து 25 வருஷம் கழிச்சு வரட்டும்னு பூட்டி வைத்தார். 1953ல் அவர் போக, மனைவி 1956லேயே வெளியே விட்டுட்டார் (நல்லவேளை!).

1912 ஆகஸ்ட், ஒரே ஒரு நாள். அம்மா மேரிக்கு மார்ஃபின் பழக்கம். அப்பாவும் ரெண்டு பையன்களும் மதியத்திலிருந்து விஸ்கி. ஆனா பழக்க விஷயத்தில் அந்த வீட்டில் 'நோயாளி' அம்மா மட்டும்தான்! சிகிச்சை முடிஞ்சு வந்தவளை மூணு பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கிட்டே இருக்காங்க. சந்தேகத்தால் ஊசியா, ஊசியால் சந்தேகமா? ஓ'நீல் கடைசிவரை பிரிச்சுத் தரமாட்டார்.

நாலாவது அங்கத்தைத்தான் இவங்க படிக்கணும். அப்பா டைரோன் மகா கஞ்சன். கரண்ட் செலவுன்னு மகனோட சண்டை போட்டு, வீம்புக்கு மூணு பல்பையும் போடுகிறார். அப்புறம் பத்து வயசில் பட்டறையில் வேலை பார்த்தது, பணத்துக்காக ஒரே நாடகத்தை ஆடி ஆடித் திறமையைத் தொலைத்தது எல்லாத்தையும் மகனிடம் கொட்டுகிறார். மகனும் உருகுகிறான். நம்ம ஆலோசகரா இருந்தா 'தன்னை உணர்ந்துவிட்டார்'னு ஃபைலை மூடியிருப்பார். டைரோன் என்ன பண்றார் தெரியுமா? உடனே எழுந்து பல்பை ஒண்ணொண்ணா அணைக்கிறார்!

குடும்பத்தையே உட்காரவைக்கும் சிகிச்சை 1950கள்லயே வந்தாச்சேன்னு கேட்பீங்க. வந்துச்சு சாமி. அதைப் படித்தவங்களும் 'யார் சொல்றது உண்மை?'ன்னு பஞ்சாயத்து பண்ணத்தானே உட்காருறாங்க. இந்த நாடகத்தில் நாலு பேர் சொல்றதும் உண்மைதான். சொன்ன அடுத்த நிமிஷமே மன்னிப்பு, அப்புறம் மறுபடி குத்தல். அந்தச் சுற்றைப் பார்க்க மூணு மணி நேரத்துக்கு மேல சும்மா உட்காரணும். அம்பது நிமிஷத்தில் பேனாவை மூடுகிறவர் எங்கே பார்ப்பார்?

ஒண்ணை ஒத்துக்கணும். ஓ'நீலின் நிஜ அம்மா 1914ல் அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டுட்டாங்க. அதை அவர் நாடகத்தில் சேர்க்கலை. மீள்றது எப்படின்னு அவரிடம் கேட்க முடியாது. அது ஆலோசகர் வேலை. ஆனா காபி குடிக்கப் போன எங்க நாலு பேரையும் முதலில் உள்ளே கூப்பிட்டிருக்கணுமா இல்லையா?