காலக்கணிப்பு: ஆய்வகத்தின் பணியா, அதிகாரத்தின் கட்டளையா?

ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே, சுவர்ணமுகி ஆற்றையொட்டி அமைந்துள்ள சிற்றூர் குடிமல்லம். நீண்ட காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இங்குள்ள பரசுராமேஸ்வரர் கோயிலில் ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள லிங்கம் உள்ளது. அதன் முகப்பில், குள்ள உருவம் ஒன்றின் தோள்மீது, ஒரு கையில் ஆடும் தோளில் கோடரியுமாக வேடனைப் போல் சிவன் நிற்கிறார். இந்தியாவின் மிகப் பழைய லிங்கங்களுள் ஒன்றாக அறிஞர்கள் இதைக் கருதுகின்றனர்.

இதன் வயது என்ன? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்த து.அ. கோபிநாத ராவ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என மதிப்பிட்டார். சிற்ப பாணியை ஒப்பிட்ட வேறு சிலர் அதைப் பல நூற்றாண்டுகள் பிந்தையது என்றனர். 1973இல் இந்தியத் தொல்லியல் துறையின் ஐ.கே. சர்மா நடத்திய அகழாய்வில், இன்றைய கற்கோயிலுக்கு முற்பட்ட செங்கல் கட்டுமான எச்சங்களும் கருப்பு-சிவப்புப் பானையோடுகளும் கிடைத்தன. மண்ணடுக்கு, செங்கல், பானையோடு, கல்வெட்டு ஆகியவற்றை இணைத்தே கோயிலின் கால வரிசை அமைக்கப்பட்டது. லிங்கத்தின் காலம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. சான்று சொல்லும் எல்லைக்குள் நிற்பதே அறிவியலின் நேர்மை.

கல்லுக்கு கரிமக் கணிப்பு இல்லை

அப்படியானால் கரிமக் கணிப்பின் மூலம் விவாதத்தை முடித்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. உயிருள்ளவை மட்டுமே காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கரிமம்-14ஐத் தொடர்ந்து உள்வாங்குகின்றன. இறந்தபின் உள்வாங்கல் நின்றுவிட, உடலில் எஞ்சிய கரிமம்-14 சிதைந்து, 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை 1949இல் வில்லார்ட் லிபியும் அவரது குழுவினரும் வெளியிட்டனர். 1960இல் லிபிக்கு நோபல் பரிசு கிடைத்தது. மரக்கரி, தானியம், எலும்பு ஆகியவற்றை இம்முறையில் சோதிக்கலாம். லிங்கம் செதுக்கப்பட்ட நாளைக் கல்லிலிருந்து இம்முறையால் அறிய முடியாது. அதைச் சூழ்ந்த, கலையாத மண்ணடுக்கில் கரித்துண்டு கிடைத்தால் அவ்வடுக்கின் காலத்தை அறியலாம், அவ்வளவே. இம்முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் செல்லாது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த திருமலைப் பாறைகளின் வயதை அறிய வேறு முறைகள் தேவை.

இந்த எளிய உண்மை அரசியல் களத்தில் மறைக்கப்படுகிறது. 2022இல் வாரணாசி ஞானவாபி மசூதியில் காணப்பட்ட கல் அமைப்பை ஒரு தரப்பு சிவலிங்கம் என்றது. மசூதி நிர்வாகம் அதை நீரூற்று என்றது. உடனே "கரிமக் கணிப்பு" கோரி வழக்கு வந்தது. மாவட்ட நீதிமன்றம் அக்டோபரில் மறுத்தது. 2023 மே 12இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அறிவியல் ஆய்வுக்கு அனுமதித்தது. ஒரு வாரத்தில் உச்சநீதிமன்றம் அதை ஒத்திவைத்தது. அறிவியலின் பெயரை மட்டும் கடன் வாங்கி, முடிவை முன்கூட்டியே எழுதிவிடும் போக்கு இது.

திருப்பதியிலும் இதன் மற்றொரு வடிவம் அரங்கேறியது. 2021 ஏப்ரல் 21, ராமநவமியன்று, திருமலையின் அஞ்சனாத்ரியே அனுமன் பிறந்த இடம் எனத் தேவஸ்தானம் அறிவித்தது. அதற்கென அமைக்கப்பட்ட குழு முதன்மையாகப் புராணங்களையே சான்றாகக் காட்டியது. நம்பிக்கை மக்களின் உரிமை. அதற்கு ஆய்வு முடிவு என்ற முத்திரை குத்துவது வேறு.

கீழடிக்கு வேறு அளவுகோலா?

ஆய்வகச் சான்று உள்ள இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரி கி.மு. 580 எனக் காலம் காட்டியதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. முதலிரு கட்ட அகழாய்வுகளை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா, 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் அளித்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வைத்த பின், 2025 மே மாதம் அதைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. அவர் தமது முடிவுகளில் உறுதியாக நின்றார்; அடுத்த மாதமே இடமாற்றம் செய்யப்பட்டார். புராணத்திற்கு ஆதாரம் கேட்காதவர்கள், கரித்துண்டிடம் மட்டும் மேலும் மேலும் ஆதாரம் கேட்கிறார்கள்.

அதே அளவுகோல் தமிழர் பெருமிதத்திற்கும் பொருந்தும். ஆய்வகம் தருவது ஒற்றை ஆண்டன்று, ஒரு கால வரம்பு. அதுவும் கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்திற்கு, மரவளையங்களைக் கொண்டு திருத்தும்போது அவ்வரம்பு அகலமாகிவிடுகிறது. ஒரு மாதிரியின் வயது ஒரு நாகரிகம் முழுவதன் வயதாகிவிடாது. பல களங்களில், பல ஆய்வகங்களில் சோதித்து உறுதிசெய்வதே கீழடிக்கு வலிமை சேர்க்கும்.

அறிவியல் மனப்பாங்கை வளர்ப்பது குடிமக்களின் கடமை என அரசியலமைப்பின் 51ஏ(எச்) கூறுகிறது. அக்கடமை அரசுக்கு இல்லையா? கீழடி அறிக்கையை அதன் ஆசிரியர் எழுதியவாறே வெளியிட வேண்டும். எல்லா அகழாய்வுகளின் அறிக்கைகளும் ஆய்வகத் தரவுகளும் காலவரையறைக்குள் பொதுவெளிக்கு வர வேண்டும். அயல்நாட்டு ஆய்வகங்களைச் சாராதிருக்க, அரசு ஆய்வகங்களுக்கு உரிய நிதி ஒதுக்க வேண்டும்.

கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னர்களையும் கொடையாளர்களையுமே பேசும். கரிமக் கணிப்போ அடுப்புக்கரியையும் நெல்மணியையும் சாட்சிக்கு அழைக்கிறது. செங்கல் சுட்டவர்களும் பானை வனைந்தவர்களும் நெல் விளைவித்தவர்களும் விட்டுச்சென்ற சாட்சியம் அது. அதை மறைப்பதும் திரிப்பதும் உழைப்பாளி மக்களின் வரலாற்றைப் பறிப்பதேயாகும்.