போர்க்களங்கள் மாறும், பதவிகள் உயரும்

அமெரிக்கத் தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் பதக்கப் பட்டியல்களாகவே எழுதப்படுகின்றன. எந்தப் போரில், யாருக்காக, யாரைக் கொன்றனர் என்ற கேள்வி அவற்றில் எழுவதில்லை. அக்கேள்வியோடு லியோனார்டு வுட் என்னும் தளபதியின் பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது தகும்.

ஹார்வர்டில் மருத்துவம் பயின்ற வுட், 1885இல் ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். மறு ஆண்டே, அப்பாச்சி பூர்வகுடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற படையில் இருந்தார். அதற்காகப் பின்னர் நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றார். 1898இல் ஸ்பெயினின் பிடியிலிருந்து கியூபாவை விடுவிப்பதாகக் கூறிச் சென்ற அமெரிக்கப் படை அங்கேயே ஆட்சிபீடத்தில் அமர்ந்தபோது, சில காலத்தில் அதன் ராணுவ ஆளுநரானவர் இவரே. 1903இல் தெற்குப் பிலிப்பைன்ஸின் மோரோ மாகாணத்திற்கு ஆளுநராக அனுப்பப்பட்டார்.

அன்னியர் விதித்த தலைவரியை ஏற்க மறுத்த மோரோ முஸ்லிம் மக்கள், ஜோலோ தீவில் உள்ள புத் டாஜோ மலையின் அணைந்த எரிமலைவாயில் குடும்பம் குடும்பமாகத் தஞ்சம் புகுந்திருந்தனர். 1906 மார்ச்சில் வுட்டின் படை பீரங்கிகளை மலைமேல் இழுத்துச் சென்று, பள்ளத்தில் இருந்தோரைச் சுட்டு வீழ்த்தியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்கத் தரப்பின் இழப்பு 20 பேர் அளவே. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், கியூபப் போரில் வுட்டின் தோழராக நின்றவர், வாழ்த்துத் தந்தி அனுப்பினார். எழுத்தாளர் மார்க் ட்வைன் இக்கொலையைக் கடுமையாகச் சாடினார். ட்வைனின் சீற்றம் வுட்டின் பதவியைத் தொடவில்லை. 1910இல் அவர் ராணுவத்தின் தலைமைத் தளபதியானார்.

இதே பிலிப்பைன்ஸின் சமர் தீவில், பத்து வயதைக் கடந்த அனைவரையும் கொல்லும்படி ஆணையிட்ட ஜேக்கப் ஸ்மித் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கிடைத்த தண்டனை, ஒரு கண்டிப்பும் கட்டாய ஓய்வும்!

வுட்டின் கதை காலனிகளோடு முடியவில்லை. 1919இல் அமெரிக்க உருக்காலைத் தொழிலாளர் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு முடிவுகட்டவும் சங்கம் அமைக்கும் உரிமைக்காகவும் எழுந்த போராட்டம் அது. இந்தியானா மாநிலத்தின் கேரி நகருக்குள் துருப்புகளோடு நுழைந்து ராணுவச் சட்டத்தை அறிவித்தவர் வுட்டே. மோரோக்களுக்கு எதிராகத் தேறிய கை, உள்நாட்டு உழைப்பாளிக்கு எதிராகவும் தயங்கவில்லை. அடுத்த ஆண்டு குடியரசுக் கட்சி மாநாட்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கான முதற்சுற்று வாக்கெடுப்பில் முன்னிலை பெற்றவரும் அவர்தான். வேட்பாளராகும் வாய்ப்பு நழுவியது. ஆனால் 1921இல் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல் பதவி வந்து சேர்ந்தது.

1932 ஜூலை 28 அன்று வாஷிங்டன் கண்ட காட்சியும் இவ்வகைப்பட்டதே. தமக்குச் சேர வேண்டிய ஊக்கத்தொகையை உடனே வழங்கக் கோரிக் குடும்பத்தோடு முகாமிட்டிருந்த முதல் உலகப் போரின் முன்னாள் வீரர்கள்மீது குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் ஏவப்பட்டன. அவர்களின் குடிசைகள் தீயில் எரிந்தன. தலைமை தாங்கியவர் டக்ளஸ் மக்ஆர்தர். உடனிருந்த அதிகாரிகளில் ஐசன்ஹோவரும் பேட்டனும் அடங்குவர். நாட்டுக்காகப் போரிட்டுப் பின் வேலையின்றி நின்ற சாதாரணச் சிப்பாய்க்கு அந்நாட்டு ஆளும் வர்க்கம் அளித்த மரியாதை இது.

பிற்காலத்தில் மாறியது என்ன? வியட்நாமில் பெரும் படையை நடத்தி, 1968இன் டெட் தாக்குதலில் நிலைகுலைந்த வெஸ்ட்மோர்லாண்டு அதே ஆண்டில் ராணுவத் தலைமைத் தளபதியாக்கப்பட்டார். 2003இல் பாக்தாத் நோக்கிப் பாய்ந்த டிவிஷனின் துணைத் தளபதிகளில் ஒருவரான லாயிட் ஆஸ்டின், 2016இல் ஓய்வு பெற்றபின் ஆயுத உற்பத்தி நிறுவனமான ரேதியானின் இயக்குநர் குழுவில் இடம்பெற்றிருந்தார். 2021 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சரானார். ஆயுதம் வாங்கும் துறைக்கும் விற்கும் நிறுவனத்திற்கும் இடையே ஒரு கதவு மட்டுமே இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

அந்த ஆஸ்டின் பதவியேற்ற இரண்டே மாதங்களில் புதுதில்லிக்கு வந்தார். அமெரிக்கப் போர்க்கப்பல்களும் விமானங்களும் நமது தளங்களில் எரிபொருளும் பிற வசதிகளும் பெற வழிவகுக்கும் ஒப்பந்தத்தில் மோடி அரசு 2016 ஆகஸ்டிலேயே கையெழுத்திட்டிருந்தது. இடதுசாரிகள் அன்றே அதை எதிர்த்தனர். இந்த ஒப்பந்தம் குறித்து மக்களிடம் பேசும் தோழர்கள், ஏகாதிபத்தியம் என்ற சொல்லோடு நின்றுவிடாமல் புத் டாஜோவையும் கேரி நகரையும் பெயர் சொல்லி, ஆண்டு சொல்லி விளக்க வேண்டும்.