நடுங்கும் கோடு

என் பிறந்த நாளுக்கு மருமகள் வாங்கித் தந்த டேப்லெட் ஒரு வாரம் பெட்டியிலேயே கிடந்தது. இந்தியன் இங்க்கும் நிப்பும் பழகிய கைக்குக் கண்ணாடியில் என்ன வேலை என்ற வீம்பு. இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடமாக வலது கை லேசாக நடுங்குகிறது. வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு தில்லி லோதி தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். முகமது ஷாவின் எண்கோணக் கல்லறை முன் உட்கார்ந்தால், திரையில் தெரிந்தது என் முகம்தான். அத்தனை வெயில். நிழலுக்கு நகர்ந்த பிறகே வேலை நடந்தது. கண்ணாடி வழுக்குகிறது, காகிதம் போலச் சொரசொரப்பான மேலுறை தனியாகக் கிடைக்கிறது. ஆனால் பேனா கெட்டிக்காரப் பேனா. அழுத்தினால் கோடு தடிக்கிறது, சாய்த்தால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தது போல நிழல் விழுகிறது. 1963-ல் இவான் சதர்லாண்ட் ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட, ஓர் அறையை அடைக்கும் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. ஓவியர் டேவிட் ஹாக்னி 2010-ல் ஐபேடில் வரையத் தொடங்கியபோது எழுபதைத் தாண்டியிருந்தார். எனக்குச் சாக்கு இல்லை.

செட்டிங்ஸில் கோட்டைச் சீராக்கும் வசதி ஒன்று. அதைக் கூட்டியதும் குவிமாடம் காம்பஸ் வைத்தது போல வந்தது. நடுக்கம் போன இடம் தெரியவில்லை. சந்தோஷத்தில் நாலைந்து படம் போட்டுத் தள்ளினேன்.

மருமகள் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா நீங்க போட்ட மாதிரி இல்லையே?"

இப்போது அந்த வசதியைப் பாதிக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். குவிமாடம் கொஞ்சம் நெளிகிறது. கை விஷயத்தை அவளிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன். புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம்.