கண் திட்டம்

"டிரெஸ்ஸிங் செய்யணும், கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவியா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது, அவர் மணிக்கட்டில் இருந்த மாவுக்கட்டைத்தான் பார்த்தேன்.

"டாக்டர்கிட்டே போயிடலாமே மேடம். நான் போய்க் கைவச்சா விபரீதமாயிடும்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டே ஆடியது.

இது 2017 நவம்பரில் நடந்தது. ஆபீஸில் ஆறு மாதத்துக்கு அட்லாண்டாவுக்கு அனுப்பியிருந்தார்கள். மாடி அறை எனக்கு, கீழ்வீடு அந்த அம்மாவுக்கு. எழுபது தாண்டியவர். அந்த வருஷம் மார்ச்சில்தான் கணவரைப் பறிகொடுத்திருந்தார். அக்டோபரில் வாசற்படியில் வழுக்கி வலது கை முறிந்தது. வரப்போகும் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். இரண்டு பிள்ளைகளும் குடும்பத்தோடு வருகிறார்கள்.

தேங்க்ஸ்கிவிங் என்பது அவர்கள் ஊர்ப் பொங்கல் மாதிரி. அறுவடைக்கு நன்றி. 1863-ல் லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழன் என்று அறிவித்தார். 1939-ல் ரூஸ்வெல்ட், கடைக்காரர்களுக்கு கிறிஸ்துமஸ் வியாபாரம் இன்னும் ஒரு வாரம் கிடைக்கட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். பாதி மாகாணங்கள் கேட்டன, பாதி கேட்கவில்லை. நம்ம ஊர் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதச் சண்டை மாதிரி ஒரே பண்டிகை இரண்டு தேதியில்! கடைசியில் 1941-ல் சட்டமே போட்டு, நான்காவது வியாழன் என்று முடித்துவைத்தார்கள்.

அன்றைக்கு மேஜையில் மாப்பிள்ளை, வான்கோழி. ஆனால் சாப்பிட வருகிறவர்கள் ரகசியமாகத் தேடுவது அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரெஸ்ஸிங்கை. பழைய ரொட்டியை உதிர்த்து, வெங்காயம், செலரி, வெண்ணெய், முட்டை, கோழி வேகவைத்த தண்ணீர் எல்லாம் சேர்த்து அவனில் சுட்டால் டிரெஸ்ஸிங். அதையே பறவையின் வயிற்றில் அடைத்து வேகவைத்தால் ஸ்டஃபிங். அடைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. நடுவில் இருப்பது 74 டிகிரி சென்டிகிரேடைத் தொடாவிட்டால் கிருமி சாகாது, மறுநாள் சாப்பிட்டவர்கள் படுத்துவிடுவார்கள். தட்டில் தனியாகச் சுடுவது உத்தமம்.

"பெட்டியிலே ரெடிமேடா விக்கிறானே மேடம், 1972-லேர்ந்து வருதாமே, அஞ்சே நிமிஷமாமே" என்று சொல்லிப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் சம்பந்திக்கு ரெடிமேட் ரசப்பொடியில் ரசம் வைக்கலாமா என்று கேட்டவனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால், நாற்பது வருஷமாக அதைச் செய்தது அவர் இல்லை, அவர் கணவர். வருஷத்தில் ஒரே ஒரு நாள் மனுஷர் சமையலறைக்குள் வருவாராம், வந்தால் வேறு யாருக்கும் அனுமதி இல்லையாம். அவர் விட்டுப்போனது ஒரு துண்டுச் சீட்டு. அதிலும் அளவே இல்லை. சாமான் பெயர்கள் மட்டும், வரிசையாக. கடைசியில் 'போதுமான அளவு' என்று ஒரு வார்த்தை. எங்கம்மா பாஷையில் சொன்னால், கண் திட்டம்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. ஜார்ஜியா பக்கத்தில் வெள்ளை பிரெட்டை நம்பி இறங்க மாட்டார்கள், மக்காச்சோள ரொட்டிதான். இரண்டு கப் சோளமாவு, மோர், முட்டை. சர்க்கரை போடலாமா என்றேன். "அது வடக்கத்திக்காரங்க பழக்கம்" என்றார், சாம்பாரில் வெல்லம் போடுகிறவர்களைப் பற்றி என் பாட்டி பேசும் அதே குரலில். காயவைத்த இரும்புச் சட்டியில் ஊற்றிச் சுட்டோம். ஆறியதும் உதிர்த்துப் பரப்பி, ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். இட்லி உப்புமாவுக்கு நேற்றைய இட்லிதான் சரி என்பது போல இதற்கும் காய்ந்த ரொட்டிதான். ஈரமாக இருந்தால் சாறைக் குடிக்காது, களியாகிவிடும்.

புதன் காலை இரண்டு வெங்காயம், நாலு தண்டு செலரி நறுக்கி, நூறு கிராம் சொச்சம் வெண்ணெயில் வதக்கினேன். செலரி நம்ம கொத்தமல்லிக்குத் தூரத்துச் சொந்தம். அப்புறம் சேஜ் என்று ஒரு இலை. துளசி வகையறா, காயவைத்துத் தூளாக விற்பார்கள். ரொட்டித் தூள் மேல் அதைத் தூவி, வதக்கலைக் கொட்டி, நாலு கப் கோழிச் சாறு ஊற்றிக் கலக்கினேன். இட்லி மாவைவிடத் தளர இருக்க வேண்டும். முட்டையை ஊற்றுவதற்கு முன்னாலேயே ருசி பார்த்துவிட வேண்டும், பச்சை முட்டை வயிற்றுக்கு ஆகாது.

ருசி பார்ப்பதில்தான் சிக்கல். அடியேன் சைவம். (முட்டை சைவம்தான் என்று காலேஜ் ஹாஸ்டலில் ஏகமனதாகத் தீர்மானம் ஆகிவிட்டது.) கோழிச் சாற்றை நாக்கில் வைக்க முடியாது. அந்த அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவருது இல்லே."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சும்மா அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். வெண்ணெய், சேஜ், வெங்காயம், செலரி, ரொட்டி, சாறு, முட்டை. சட்டென்று பல்பு எரிந்தது. சேஜ் எதற்கு வெங்காயத்துக்கு முன்னால் நிற்கிறது? மனுஷர் எழுதியது சாமான் லிஸ்ட் இல்லை சார், வேலை வரிசை! வெண்ணெய் காய்ந்ததும் முதலில் சேஜ். அதாவது, தாளிப்பு!

கடுகு, கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டால்தான் வாசனை வரும் என்று நம்ம ஊரில் குழந்தைக்கும் தெரியும். இலையின் வாசனை எண்ணெயில்தான் கரையும், அங்கிருந்துதான் மற்றதெல்லாம் ஏறும். நல்லவேளை, ரொட்டி பாதி மிச்சம் இருந்தது. வெண்ணெயை உருக்கி, பொங்கி அடங்கினதும் சேஜைப் போட்டேன். பத்து விநாடி. வீடே மணத்தது.

கூடத்தில் இருந்தவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ருசி பார்க்கவில்லை. "இதான்" என்றார். "இந்த வாசனை வந்தாத்தான் பசங்க மாடியிலேர்ந்து எறங்கி வருவாங்க."

வியாழக்கிழமை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம். மேலே பொன்னிறமாக மொறுமொறு, உள்ளே பஞ்சு. எனக்காகக் காய்கறிச் சாறு ஊற்றி ஒரு குட்டித் தட்டும் சுட்டோம். பெரிய பிள்ளை ஆறடி ஆள். ஒரு வாய் சாப்பிட்டார். அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டார். அப்புறம்தான் பேச்சு வந்தது: "அப்பாவோடது இன்னும் கொஞ்சம் உப்பா இருக்கும்." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் சீட்டில் 'உப்பு' என்று எழுதி, பக்கத்தில் 'ஒண்ணரை ஸ்பூன்' என்று சேர்த்தேன்.

ராத்திரி மாடி ஏறியதும் ஊருக்கு போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது.

"அம்மா, வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு?"

"கண் திட்டம்தான்டா."

"அதெல்லாம் சரிப்படாது. ஒரு ஸ்பூன் எடுத்துக்கோ, அளந்து சொல்லு. எழுதிக்கறேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏண்டா, நான் எங்கேயாவது போகப் போறேனா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லே. முதல்லே என்ன போடணும், அதைச் சொல்லு."