ஏழாவது ஆள்



கொல்கத்தாவுக்குப் பிழைக்க வரும் தமிழ்க் குடும்பம் முதலில் கற்றுக்கொள்வது வங்க மொழியையா, கால்பந்தையா என்று ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். எங்கள் வீட்டில் கால்பந்துதான் முந்திக்கொண்டது. இரயில்வேயில் பணிபுரியும் தந்தையார் விருதுநகரிலிருந்து கார்டன் ரீச்சுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு, தம்பிக்கு ஆறு. "நீங்கள் மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்பதே அண்டை வீட்டார் எங்களிடம் கேட்ட முதற் கேள்வி. அவை ஏதோ இரு சாதிகளின் பெயர்கள் போலும் என்று எண்ணிய அம்மா, பதில் சொல்லாமல் புன்னகைத்து நின்றுவிட்டார். பதில் சொன்னவன் தம்பி. சிவப்பும் மஞ்சளும் கண்ணுக்கு அழகாய் இருக்கின்றன என்று சொல்லி அன்றைக்கே ஈஸ்ட் பெங்கால் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

தம்பிக்குப் பிறவியிலேயே வலக்கையும் வலக்காலும் விறைப்பானவை. மூளை முடக்குவாதம் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை அது. உடலியல் படிப்பவள் என்ற முறையில் அதைப்பற்றி இரண்டொரு சொல் சொல்ல விரும்புகிறேன். 'வாதம்' என்றதும் தைலத்தையும் பத்தியத்தையும் நினைப்பவர்கள் நம்மிடையே இன்றும் உளர். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்படும் ஊறு அது. தசையில் குறையில்லை, தசைக்கு வரும் ஆணையில்தான் குறை. சிலருக்குத் தசை விறைக்கும். சிலருக்கு உடல் தன்னிச்சையாக அசையும். சிலருக்கு நிலை தடுமாறும். மூளையில் ஏற்பட்ட ஊறு நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. உலகில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ இருவர் அல்லது மூவருக்கு இந்நிலை உண்டு. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நம் நாட்டில் அது எத்தனை ஆயிரம் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பதின்மூன்று வயதில் தம்பி பள்ளி அணியில் சேரப் போனான். இடக்காலால் அவன் உதைக்கும் பந்து நேராகப் போகும், நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் அவனை விரட்டவில்லை. அன்பாகவே பேசினார். கோடு ஓரமாக உட்கார்ந்து யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று எண்ணி எழுதச் சொன்னார். இரண்டாண்டு எழுதினான். எழுத்து வலக்கையால் வராது என்பதால் அதையும் இடக்கையால்தான் எழுதினான். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் அவன் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

நிற்க. இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு கால்பந்தாட்டம் உலகில் இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் நான் அறிந்தேன். 1978-ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த மூளை முடக்குவாதத்தாரின் அகில உலக விளையாட்டுகளில் முதன்முதலாக அது ஆடப்பட்டது. அணிக்கு எழுவர். திடல் 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். கோல் கம்பங்கள் 5 மீட்டர் இடைவெளியில், 2 மீட்டர் உயரத்தில். பாதிக்கு முப்பது நிமிடம். 'ஆஃப்சைடு' கிடையாது. கோட்டுக்கு வெளியே போன பந்தை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கி எறிய வேண்டியதில்லை; ஒரு கையால் உருட்டி விட்டாலும் போதும். மூளைக் காயத்தாலோ பக்கவாதத்தாலோ இதே நிலையை அடைந்தவர்களும் ஆடலாம்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்த விதி வேறொன்று. ஆட்டக்காரர்களை அவர்களுடைய உடல்நிலையின் கடுமைக்கேற்ப மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஊறு மிகுந்தவர்கள் முதல் வகுப்பு. மிகக் குறைந்தவர்கள் மூன்றாம் வகுப்பு. திடலில் நிற்கும் எழுவருள் முதல் வகுப்பைச் சேர்ந்த ஒருவராவது எப்போதும் இருந்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பினர் ஒருவருக்கு மேல் இருத்தலாகாது. முதல் வகுப்பு ஆள் இல்லையா? அணி அறுவரோடு ஆட வேண்டியதுதான்!

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் மகிழ்வான் என்று எண்ணினேன். அவனோ முகத்தைச் சுளித்தான்.

"அப்ப அந்த ஒருத்தன் சும்மா சட்டத்துக்காக நிக்கிறவன்தானே அக்கா? மத்த ஆறு பேரும் அவனைச் சுமையாத்தானே நினைப்பாங்க?"

இதே கேள்வியை நம் நாட்டில் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம் அல்லவா? கல்லூரி வாயிலிலும் வேலைக்கான நேர்முகத்திலும் ஒதுக்கப்பட்ட இடத்தில் வந்தவனைப் பார்த்துக் கேட்பதுதான். அதனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. பல நாள் யோசித்தேன். பிறகுதான் அந்த விதியின் நுட்பம் விளங்கியது.

இரு அணிகளுக்கும் விதி ஒன்றே. ஆகவே இரு பக்கமும் முதல் வகுப்பு ஆள் ஒருவர் நிற்பார். வலுவுள்ள ஆறு பேர் எல்லா அணியிலும் கிடைப்பர். வெற்றி தோல்வியை முடிவு செய்யப் போகிறவர் அந்த ஏழாவது ஆள்தான். எந்த நாட்டின் ஏழாவது ஆள் நன்றாகப் பயிற்றப்பட்டிருக்கிறாரோ அந்த நாடு முந்தும். எனவே பயிற்சியாளர் ஊர் ஊராகப் போய் அவரைத் தேடுவார். கிடைத்தவரை உள்ளங்கையில் வைத்துக் காப்பார். கோட்டோரம் உட்கார்த்தி வைக்கப்பட்டவனை ஆட்டத்தின் அச்சாணியாக்கிவிடுகிறது ஒரே ஒரு வரி! இரக்கத்தை நம்பாமல், வெல்ல வேண்டும் என்ற ஆசையையே நம்பி எழுதப்பட்ட சட்டம் அது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு மனித இயல்பு இந்த அளவுக்குத் தெரிந்திருப்பது அருமை.

ஆனால் ஆட்டத்துக்குள் இருக்கும் இந்த அறிவு, ஆட்டத்தை ஆளும் மேல்மாடிகளில் இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

1984-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளில் இந்த எழுவர் கால்பந்து இடம் பெற்றது. அதுமுதல் எட்டுப் பாராலிம்பிக்குகள் நடந்தன. இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடின. இதன் நிருவாகத்தைப் பல விளையாட்டுகளையும் சேர்த்துக் கவனித்துவந்த மூளை முடக்குவாதத்தாரின் பொது விளையாட்டுச் சங்கத்திடமிருந்து பிரித்து, கால்பந்துக்கென்றே தனியாக ஓர் அகில உலகக் கூட்டமைப்பு ஏற்பட்டு, 2015-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொறுப்பேற்றது. புது வீட்டில் பால் காய்ச்சிய மணம்கூடப் போயிருக்காது. அந்த ஜனவரி 31-ஆம் நாளன்றே அபுதாபியில் கூடிய அகில உலகப் பாராலிம்பிக் குழு, 2020 டோக்கியோவுக்கு இந்த ஆட்டம் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டது! பாய்மரப் படகோட்டமும் உடன் போயிற்று. 2016-இல் ரியோவில் கடைசியாக எட்டு அணிகள் ஆடின. இறுதி ஆட்டத்தில் உக்ரைன் கூடுதல் நேரத்தில் ஈரானை 2-1 என வென்றது. பாரிஸ் 2024-இலும் அது இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் 2028-க்கான பட்டியலிலும் இல்லை.

சொன்ன காரணம் யாதெனில், உலகில் போதிய பரவல் இல்லை என்பது. குழு ஆட்டம் என்றால் மூன்று உலகப் பகுதிகளில், குறைந்தது 24 நாடுகளில் பரவலாகவும் முறையாகவும் ஆடப்பட வேண்டும் என்பது அக்குழுவின் அளவுகோல். குழுவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. விழாவில் இடம் அளவானது. வாசலில் காத்து நிற்கும் ஆட்டங்களோ பல.

ஆயினும் இந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆடும் நாடுகள் குறைவு என்று ஆட்டத்தை நீக்குகிறார்கள். நீக்கியதும், பதக்கம் இல்லாத ஆட்டத்துக்குப் பணம் எதற்கு என்று அரசுகள் கையை விரிக்கின்றன. பணம் இல்லாததால் ஆடும் நாடுகள் மேலும் குறைகின்றன. குறைந்ததால், நாங்கள் சொன்னது சரியாயிற்று என்கிறார்கள். தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டுச் செடி வளரவில்லை என்று பிடுங்குவது போன்ற கணக்கு இது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நம் நாடும் அந்தக் கணக்கில் ஒன்று. ஒரு சின்னஞ்சிறு தீவும் ஒன்று. கோட்டோரம் உட்கார்ந்து தம்பி எண்ணிய கணக்கும் இப்படித்தான்: யார் ஆடினார்கள் என்பது இருக்கும், யார் ஆட விடப்படவில்லை என்பது இருக்காது.

பெண்களைப்பற்றியும் ஒரு சொல். அந்த எட்டுப் பாராலிம்பிக்குகளிலும் எழுவர் கால்பந்து ஆடவர்க்கு மட்டுமே. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 2022-இல்தான் ஸ்பெயினின் சாலோ நகரில் நடந்தது, அமெரிக்கா வென்றது. கதவு சாத்தப்பட்ட பிறகே பெண்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று இதைச் சொல்லலாமா?

வெளிநாட்டாரைக் குறை கூறியது போதும். நம் வீட்டைப் பார்ப்போம். 1984 முதல் 2016 வரை ஒரு பாராலிம்பிக்குக்கேனும் நம் நாட்டிலிருந்து இந்த ஆட்டத்துக்கு அணி போனதில்லை. 24 என்ற எண்ணிக்கைக்கு நாமும் ஓர் எண்ணாக உதவியிருக்கலாம், உதவவில்லை. ஆட்டம் நீக்கப்பட்ட அதே 2015-ஆம் ஆண்டில் நம் தேசியப் பாராலிம்பிக் குழுவே அகில உலகக் குழுவால் இடைநீக்கம் செய்யப்பட்டுக் கிடந்தது என்பதை நினைத்தால், யார் யாரைக் கேட்பது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இந்த அணியை நடத்துவது அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சங்கமே. மற்ற அணிகளுக்கு உள்ள அதே சட்டை, அதே சின்னம். நம் நாட்டில் ஊனமுற்றோர் விளையாட்டு என்றதும் அதைத் தனி அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். என் கருத்து இதுதான்: மூளை முடக்குவாதக் கால்பந்து முதலில் கால்பந்து. ஆகவே அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கூரைக்குக் கீழே அது வர வேண்டும். "அந்தக் கூரையே ஒழுகுகிறதே! 2022 ஆகஸ்டில் ஃபிஃபா அதையும் பதினொரு நாள் இடைநீக்கம் செய்யவில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். செய்ததுதான். ஆனால் அன்று நாடே பதறியது; நீதிமன்றம் கூடியது; இரண்டு வாரத்துக்குள் வழி பிறந்தது. தனி அறையில் இருப்பவர்களுக்கு இடர் வந்தால் அப்படிப் பதற யார் இருக்கிறார்கள்? ஒழுகும் கூரையானாலும் பலரோடு சேர்ந்து நனைவது மேல். ஊனமுற்றோர் விளையாட்டில் பங்கு பெற வழிசெய்வது அரசின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் சொல்கிறது. சம்மேளனங்களைக் கண்காணிக்க ஒரு வாரியமும் வழக்குகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயமும் வேண்டுமென்று 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. ஏட்டில் குறைவில்லை.

தொடங்கும் இடம் கொல்கத்தாவாக இருக்கட்டும். 1893-இல் பிறந்த ஐ.எஃப்.ஏ. இந்த ஊரில்தான் இருக்கிறது. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக 1974-இல் சுதா கௌல் தொடங்கிய நிறுவனமும் இங்கே தாராதலாவில்தான் இருக்கிறது. எங்கள் பேருந்து அவ்வழியேதான் போகும். இரண்டுக்கும் நடுவே மைதானம் பரந்து கிடக்கிறது. 1911-இல் அந்த மைதானத்தில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வென்றபோது பதினொருவரில் ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார், பதின்மர் வெறுங்கால். "பூட்ஸ் இல்லாதவன் ஆடலாகாது" என்று அன்றைக்கு விதி இருந்திருந்தால் வங்காளத்துக்கு அந்தப் பெருமை ஏது? செகந்திராபாத்திலிருந்து வந்த துளசிதாஸ் பலராமை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டார்கள். 2023-இல் மறையும் வரை அவர் வங்காளத்திலேயே வாழ்ந்தார். அயலானை ஏற்க இந்த ஊருக்குத் தெரியும்.

அதுவரை நாம் என்ன செய்வது? நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் கால்பந்தாட்டம் நடக்கிறது. பரிசு ஒரு பித்தளைக் குடம். வெல்பவர்கள் பெரும்பாலும் முதுகலை இயற்பியல் மாணவர்கள். (ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) இவ்வாண்டு அதை எழுவர் ஆட்டமாக வைத்து, உடல் ஊனமுள்ள ஒருவராவது ஒவ்வோர் அணியிலும் எந்நேரமும் நிற்க வேண்டும், இல்லையேல் அறுவரோடு ஆட வேண்டும் என்று விதி செய்யுமாறு செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆள் கிடைப்பாரா என்று அவர் கேட்டார். தேடினால் கிடைப்பார், தேட வைப்பதற்குத்தானே விதி! நம் பல்கலைக்கழகத்திலேயே எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அப்போதுதான் நமக்குத் தெரியவரும். 5 மீட்டர் இடைவெளியில் நட நான்கு மூங்கில்கள் வேண்டும். லேக் மார்க்கெட் பக்கம் பந்தல் போடுகிறவரிடம் கேட்டுவிட்டேன். இரண்டு நாளைக்கு இரவல் தருகிறேன் என்றார்.

தம்பியிடம் மறுபடி சொன்னேன். ஏழாவது ஆளைப்பற்றி நான் யோசித்ததையெல்லாம் கேட்டான். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, "பேரை எழுதிக்கோ அக்கா. ஆனா கோல் காக்க நிக்கச் சொல்லாதே, முன்னால ஆடுறேன்" என்றான்.